எதிரே யாரும் உட்காராத மேசை



1984ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 'ஒஷின்' தொடரைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலும் சிலர் இருப்பார்கள். பனி கொட்டும் மலைக் கிராமம். அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படும் ஏழு வயதுச் சிறுமி. தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகும் மகளைப் பார்த்துக் கரையில் தவிக்கும் தந்தை. ஜப்பானுக்கு வெளியே அந்தத் தொடர் முதன்முதலில் ஒளியேறிய நாடு சிங்கப்பூர்தான். ஜப்பானில் அது 1983 ஏப்ரலில் தொடங்கி ஓராண்டு ஓடியது. சராசரிப் பார்வையாளர் விகிதம் 52.6 விழுக்காடு. உச்சத்தில் 62.9 விழுக்காடு. தியாகம் செய்யும் தாய், வாய் திறந்து அன்பைச் சொல்லத் தெரியாத தந்தை, எதையும் தாங்கிக்கொள்ளும் மகள் என்ற அந்தக் குடும்பத்தை நாடே தினமும் காலையில் பார்த்துக் கண்கலங்கியது.

அதே 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு ஜப்பானியக் குடும்பம் திரைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தைப் பார்த்து யாரும் அழவில்லை. அரங்கில் சிரிப்புத்தான் கேட்டது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பார்கள். படத்தின் பெயர் 'கசொக்கு கேமு'. குடும்ப விளையாட்டு என்று பொருள். இயக்கியவர் யோஷிமிட்சு மொரிட்டா. அப்போது அவருக்கு வயது 33. யொஹெய் ஹொன்மா எழுதி, 1981இல் சுபாரு இலக்கியப் பரிசு பெற்ற நாவலைத்தான் அவர் படமாக்கினார்.

அந்த ஆண்டு ஜப்பானியத் திரையுலகில் போட்டி சாதாரணமாக இல்லை. ஷொஹெய் இமாமுராவின் 'நராயாமா' படம் கான் விழாவில் தங்கப் பனை விருதை வென்றிருந்தது. கொன் இச்சிக்காவா, தனிஸாக்கியின் புகழ்பெற்ற நாவலான 'சசமெயுகி'யைப் படமாக எடுத்திருந்தார். இவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, 'கினெமா ஜுன்போ' இதழின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இந்தச் சிறிய படத்தைத்தான். பட்டுக் கிமோனோவும் கிடையாது, பனிமலையும் கிடையாது. ஓர் அடுக்குமாடி வீடு, ஒரு மேசை, ஐந்து பேர். அவ்வளவுதான் படம்.

மேசையிலிருந்தே தொடங்கலாம்.

நீளமான, ஒடுக்கமான மேசை அது. நுமாட்டா குடும்பத்தின் நான்கு பேரும் அதன் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முடிதிருத்தும் கடையில் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போல எல்லோருடைய பார்வையும் ஒரே திசையில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் காலி. தோள் தோளில் இடிக்கிறது, முழங்கை முழங்கையில் இடிக்கிறது, ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பினால்தான் முடியும். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தட்டும் கிண்ணமும் கைமாறுகின்றன. பேச்சு மட்டும் கைமாறுவதில்லை.

படத்தில் பின்னணி இசை கிடையாது. இசை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லும் சத்தம் கேட்கிறது. சூப்பை உறிஞ்சும் சத்தம், ஊறுகாயைக் கடிக்கும் சத்தம், பானத்தை ஒரே மூச்சில் விழுங்கும் சத்தம் எல்லாம் காதருகில் வைத்ததுபோல் பெரிதாக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத் தலைவருக்குக் காலையில் பொரித்த முட்டை வேண்டும். மஞ்சள் கரு இளகியிருக்க வேண்டும். அதை வாயால் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ஒரு நாள் கரு கெட்டியாக வெந்துவிடுகிறது. மகன் பள்ளியில் என்ன பாடுபடுகிறான் என்பது தெரியாத அந்த மனிதர், மஞ்சள் கருவை உறிஞ்ச முடியவில்லையே என்று மனம் நொந்து போகிறார். அவர் மனம் திறந்து குறைப்படும் வெகுசில இடங்களில் இது ஒன்று என்பதுதான் கொடுமை.

ஜப்பானிய வீடுகளில் ஒரு காலத்தில் குட்டைக்கால் வட்ட மேசை இருந்தது. பாயில் அமர்ந்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதிகாரமும் அதில் இருந்தது. அப்பா உட்காரும் இடம் அப்பாவுக்குத்தான். ஆனாலும் வட்டத்தில் உட்கார்ந்தால் முகம் பார்க்காமல் தப்பிக்க முடியாது. 1955இல் ஜப்பான் வீடமைப்புக் கழகம் தொடங்கப்பட்டுக் கான்கிரீட் குடியிருப்புகள் எழும்பியபோது, சமையலறையும் சாப்பாட்டு இடமும் ஒன்றான வீடு நடுத்தர வர்க்கத்தின் கனவானது. நாற்காலி வந்தது, உயர்ந்த மேசை வந்தது. அந்தப் புதிய மேசையையும் வெட்டி ஒற்றை வரிசையாக்கியது மொரிட்டாவின் குறும்பு. உண்மையில் இப்படி யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் முகத்தை முகம் பார்க்காமல் சாப்பிடும் வீடுகள் இருக்கின்றன என்பதால், பார்ப்பவர்கள் அந்த மேசையைப் பொய் என்று ஒதுக்கவில்லை.

ஜப்பானியப் படங்களை அறிந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் வரும். யசுஜிரோ ஒசுவின் 'டோக்கியோ கதை' 1953இல் வந்தது. அதில் அட்டாமி கடற்கரைச் சுவரின் மேல் வயதான தம்பதியர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள். அங்கும் இருவர் பார்வையும் ஒரே திசையில்தான். ஆனால் அந்த இருவருக்கும் இடையே நாற்பது வருட வாழ்க்கை உட்கார்ந்திருக்கிறது. பேச வேண்டிய தேவை குறைந்துபோன நெருக்கம் அது. முப்பது ஆண்டுகள் கழித்து மொரிட்டா அதே இருக்கை வரிசையை எடுத்து, நெருக்கத்தை மட்டும் உருவிவிட்டார்.

பரீட்சை என்ற குடும்பத் தொழில்

இந்த வீட்டில் இரண்டு மகன்கள். மூத்தவன் ஷினிச்சி, பெயர் பெற்ற மேல்நிலைப்பள்ளியில் படிக்கிறான். இளையவன் ஷிகெயுகி, நடுநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு. படிப்பு ஏறவில்லை. ஜப்பானில் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளில் முடிந்துவிடும். மேல்நிலைப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். ஆகவே பதினைந்து வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் பாதி முடிவாகிவிடுகிறது என்று பெற்றோர் நடுங்கினார்கள். எந்தப் பள்ளிக்கு மனுப் போடலாம் என்பதைச் சொல்ல 'ஹென்சாச்சி' என்றோர் எண் இருந்தது. அதில் சராசரி 50. ஒரு மாணவனுக்கு என்ன தெரியும் என்பதை அந்த எண் சொல்லாது. மற்றவர்களுக்கு மேலே நிற்கிறானா, கீழே நிற்கிறானா என்பதைத்தான் சொல்லும். பல்கலைக்கழகத் தேர்வில் தோற்று அடுத்த ஆண்டுக்காகக் காத்திருப்பவனுக்கு 'ரோனின்' என்று பெயர். எசமானில்லாமல் அலையும் சாமுராய் என்று அர்த்தம். வேடிக்கையான பெயர்தான், அந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

ஷிகெயுகியின் வகுப்பில் ஆசிரியர் விடைத்தாள்களைத் திருப்பித் தரும் காட்சி ஒன்று வருகிறது. மதிப்பெண் குறைந்த தாள்களை அவர் ஜன்னல் வழியே வெளியே எறிகிறார். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். படத்தில் அது நகைச்சுவைக் காட்சி. ஆனால் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு இது தேவைப்படும்.

தந்தை கொசுகே செய்வது என்ன? துணைப்பாட ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்கிறார். மகனின் தரவரிசை ஏற ஏறக் கூடுதல் பணம் தருவதாகப் பேரம் பேசுகிறார். அந்தப் பேரமும் வீட்டில் நடப்பதில்லை. வீட்டில் தனியாகப் பேச இடமில்லை, ஆகவே கீழே வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மனைவியிடம் முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றாலும் அதே கார்தான். எங்கும் போகாத அந்தக் கார்தான் இந்தக் குடும்பத்தின் வரவேற்பறை. தந்தையாக நடித்தவர் ஜூசோ இட்டாமி. அடுத்த ஆண்டே அவர் 'இறுதிச் சடங்கு' என்ற படத்தை இயக்கி, 1984இன் சிறந்த படம் என்ற அதே 'கினெமா ஜுன்போ' முதலிடத்தைப் பிடித்தார். குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து சோயா பால் உறிஞ்சும் இந்த அப்பாவைப் பார்த்து யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தாய் சிக்காக்கோவாக வருபவர் சவொரி யூகி. 1969இல் ஒரே பாட்டால் நாடு முழுதும் அறியப்பட்ட பாடகி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை வீட்டின் மிகச் சத்தமில்லாத ஆளாக மொரிட்டா உட்கார வைத்தார். பகலில் சிக்காக்கோ தனியாகத் தோல் கைவேலை செய்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவள் கவலை அவர் பிழைப்பாரா என்பதல்ல. இறந்துவிட்டால் சவப்பெட்டியை இந்த மின்தூக்கியில் எப்படி இறக்குவது என்பது. சிங்கப்பூர் நேயர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். இங்கு வீவக புளோக்குகளின் கீழ்த்தளம் அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் காலியாக விடப்பட்டிருக்கிறது. அந்த ஜப்பானியக் குடியிருப்பிலோ பிறந்து வளர்ந்து பரீட்சை எழுதுவதற்கு மட்டுமே இடம் இருக்கிறது, சாவதற்கு இடமில்லை.

படகில் வந்த ஆசிரியர்

துணைப்பாட ஆசிரியர் யோஷிமோட்டோ படகில் வருகிறார். டோக்கியோ விரிகுடாவில் மண் கொட்டி எழுப்பிய நிலத்தில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு, ஆகவே படகு பொருத்தம்தான். ஆனாலும் ட்யூஷன் சொல்லிக்கொடுக்க ஒருவர் கடல் வழியாக வருவதைப் பார்த்தவுடனேயே, இவர் சாதாரண ஆள் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. பெயரில்லாத பல்கலைக்கழகத்தில் ஏழாவது வருடமாகப் படித்துக்கொண்டிருப்பவர். கையில் எப்போதும் தாவரக் கலைக்களஞ்சியம். நடித்தவர் யூசாக்கு மட்சுடா. அதுவரை தொலைக்காட்சித் துப்பறிவாளராகவும் துப்பாக்கி தூக்கும் நாயகனாகவும் ரசிகர்களைக் கவர்ந்தவர். இந்தப் படத்தில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. (1989இல் ஹாலிவுட்டின் 'பிளாக் ரெயின்' வெளிவந்த அதே ஆண்டு, புற்றுநோயால் அவர் காலமானார். வயது 40.)

முதல் சந்திப்பிலேயே அவர் ஷிகெயுகியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். பையன் மிரண்டு போகிறான். அடுத்து, தெரியாத சொற்களை எழுதச் சொல்கிறார். பையன் பக்கம் முழுவதும் ஒரே சொல்லை நிரப்பி வைக்கிறான். 'யூகுரே'. அந்திப் பொழுது. அந்தியை முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறான். ஆசிரியர் அறைகிறார். மூக்கிலிருந்து இரத்தம் வருகிறது.

அதன் பிறகு பையன் படிக்கத் தொடங்குகிறான். தரவரிசை ஏறுகிறது. கடைசியில் அண்ணன் படிக்கும் அதே பெரிய பள்ளியில் இடமும் கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் படம் பலரைத் தவறான பாதையில் அழைத்துப் போய்விடுகிறது. பார்த்துவிட்டு வருபவர்களில் பெற்றோராக இருப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: "ஓர் அறை கொடுத்ததும் பையன் வழிக்கு வந்துவிட்டான், பாருங்கள்." அறைந்தான், படித்தான் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பிரம்பை எடுத்துத் துடைத்து வைக்கவும் ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஷிகெயுகி அதற்கு முன்பு அடி வாங்காத பிள்ளையா? காலி மனைகளில் வகுப்பு மாணவர்கள் அவனைப் போட்டு உருட்டுகிறார்கள். ஆசிரியர் அவன் போன்றவர்களின் தாளை ஜன்னலுக்கு வெளியே எறிகிறார். அடியும் அவமானமும்தான் மருந்து என்றால், யோஷிமோட்டோ படகேறி வருவதற்கு முன்பே அவன் வகுப்பில் முதல் மாணவனாகியிருக்க வேண்டும். அடி அவனுக்குப் பழகிப்போன விஷயம். புதிதாக வந்தது வேறு.

யோஷிமோட்டோ அவன் பக்கத்தில் உட்காருகிறார். அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். மேசையில் குடும்பத்தாரும் தோள் இடிக்கத்தான் உட்கார்கிறார்கள், ஆனால் இவர் முகத்தைத் திருப்பி அவனைப் பார்க்கிறார். பையன் வயிற்று வலி என்று நடிக்கும்போது அது நடிப்பு என்று கண்டுகொள்கிறார். நடிப்பு என்று கண்டுகொள்ள வேண்டுமென்றால் முதலில் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பள்ளியில் அடி வாங்குகிறான் என்று தெரிந்ததும் சண்டை போடச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் நல்லவர் என்று இதற்குப் பொருளில்லை. பணத்துக்காகத்தான் வந்திருக்கிறார், அன்பு பாராட்டுவதும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் ஷிகெயுகியைக் கவனித்த முதல் ஆள் அவர். பையன் அந்திப் பொழுதைப் பக்கம் பக்கமாக எழுதிக் காத்திருந்தது, யாராவது அந்த நோட்டைத் திறந்து பார்க்கிறார்களா என்பதற்காக.

மொரிட்டா மீதும் ஒரு குற்றம் உண்டு. மட்சுடா அறையும் விதத்தை அவர் அழகாகப் படம் பிடித்துவிட்டார். கைவீச்சில் ஒரு நேர்த்தி இருக்கிறது, அரங்கு சிரிக்கிறது. கன்னம் வலிப்பது பின்னுக்குப் போய்விடுகிறது. பெற்றோர் தவறாகப் புரிந்துகொண்டதற்குப் பெற்றோர் மட்டும் காரணமில்லை.

அந்தத் தவறான புரிதலின் விலை என்ன என்பதும் அதே மாதம் செய்திகளில் வந்தது. ஐச்சி மாநிலத்தில் டொட்சுகா படகுப் பள்ளி என்று ஒன்று இருந்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகள், பெற்றோரை எதிர்க்கும் பிள்ளைகள் ஆகியோரைப் பெற்றோரே பணம் கட்டி அங்கே சேர்த்தார்கள். கடலில் தள்ளியும் அடித்தும் 'திருத்துவது' அதன் முறை. 1979க்கும் 1982க்கும் இடையே அங்கே மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் தலைவர் கைதானது 1983 ஜூன் மாதம், அதாவது யோஷிமோட்டோ படகில் திரைக்கு வந்த அதே மாதம். வழக்கு இழுத்து, 2002இல்தான் அவருக்குச் சிறைத்தண்டனை உறுதியானது. ஜப்பானியப் பள்ளிகளில் உடல் தண்டனையைச் சட்டம் 1947லேயே தடை செய்திருந்தது. பெற்றோர் அடிப்பதற்கான தடை 2020 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளைத் தண்டித்துத் திருத்தும் பெற்றோர் உரிமை குடிமைச் சட்டத்திலிருந்து நீங்கியது 2022 டிசம்பரில்.

அப்பாவின் பயம்

கொசுகே ஏன் தானே மகனிடம் பேசவில்லை? சோம்பேறித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அலுவலகக் களைப்பு என்றும் சொல்லலாம். படம் வேறொரு காரணத்தைச் சொல்கிறது, போகிறபோக்கில், ஒரே வசனத்தில். மனைவியிடம் அவர் எரிச்சலாகச் சொல்கிறார்: தான் பிள்ளைகள் விஷயத்தில் அதிகமாகத் தலையிட்டால் அவர்கள் மட்டையை எடுத்துவிடுவார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் அவளிடம் விட்டிருக்கிறார்.

1983இல் ஜப்பானில் இந்த வசனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1980 நவம்பரில் கவாசாக்கி நகரத்தில், பல்கலைக்கழகத் தேர்வில் தோற்று வீட்டிலிருந்த 20 வயது இளைஞன் ஒருவன், உறங்கிக்கொண்டிருந்த பெற்றோரை உலோக பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றான். தந்தை நல்ல பதவியில் இருந்தவர். அண்ணன் நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தவன். வெளியே இருந்து பார்த்தால் குறையில்லாத வீடு. அந்தச் செய்திக்குப் பிறகு நாட்டின் எத்தனையோ தந்தையர் இரவில் மகன் அறைக் கதவைப் பார்த்துத் தயங்கியிருப்பார்கள். பேஸ்பால் மட்டை இல்லாத வீடு ஜப்பானில் எங்கே இருக்கிறது?

ஆகவே கொசுகேயின் அலட்சியம் உண்மையில் பயம். அதிகம் பேசினால் மகன் மட்டையை எடுப்பான் என்று பயந்து அவர் தள்ளி நிற்கிறார். தள்ளி நிற்பதற்கு மனைவியை நடுவில் நிறுத்துகிறார். மனைவிக்கும் முடியாதபோது சம்பளத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவருகிறார். கோபப்படுவது, கண்டிப்பது, கவனிப்பது என்று அப்பா செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, முட்டையின் மஞ்சள் கருவுக்குத் திரும்பிவிடுகிறார். படத்தில் மிகக் கூர்மையான இடம் இதுதான். அன்பில்லாத குடும்பம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பெற்ற பிள்ளையிடமே பயந்துபோய், அந்தப் பயத்துக்கு 'விட்டுக்கொடுத்துப் போவது' என்று பெயர் வைத்துக்கொண்ட குடும்பம்.

எந்தப் பள்ளிக்கு மனுப் போடுவது என்ற கட்டத்தில் இது நன்றாகவே தெரிகிறது. மதிப்பெண் போதும், ஆனாலும் ஷிகெயுகி பெரிய பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். காரணம் சிறியது, பதினைந்து வயதில் அதைவிடப் பெரிய காரணம் கிடையாது. தொடக்கப்பள்ளியில் ஒரு நாள் வகுப்பிலேயே அவனுக்கு வயிறு கழிந்துவிட்டது. அதை அறிந்த ஒருவனும் அதே பள்ளிக்குப் போகப் போகிறான். இதைக் கேட்டறிய ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தந்தை உத்தரவு போடுகிறார், தாய் தவிக்கிறார், பள்ளிக்குப் போய் மனுவை மாற்றிவிட்டு வரும் வேலையும் யோஷிமோட்டோவின் தலையில் விழுகிறது.

பையன் தேர்ச்சி பெற்றதற்காக விருந்து. மேசையில் ஐந்தாவது நாற்காலியில், வரிசையின் நடுவில், ஆசிரியர். இயேசுவின் கடைசி விருந்தைக் காட்டும் டாவின்சியின் ஓவியம் நினைவுக்கு வருகிறது என்று எழுதாத விமர்சகர்கள் குறைவு. கேமரா எதிரே அசையாமல் நிற்கிறது. பல நிமிடங்களுக்கு ஒரு வெட்டுக்கூட இல்லை. இளையவன் கரையேறிவிட்டான், இப்போது மூத்தவன் வழுக்குகிறான். பல்கலைக்கழகத்தில் அவனுக்கு ஆர்வம் போய்விட்டது. அப்பா அதைப் பற்றிப் பேச்செடுக்கிறார், குரல் ஏறுகிறது. யோஷிமோட்டோ சத்தமில்லாமல் மதுவைக் கொட்டத் தொடங்குகிறார். உணவு பறக்கிறது. யாரும் உடனே நிறுத்தச் சொல்வதில்லை. பார்க்காமல் இருந்தே பழகியவர்கள் இதையும் பார்க்காமல் இருக்க முயல்கிறார்கள். பிறகு அவர் ஒவ்வொருவராக அடித்து வீழ்த்துகிறார், அப்பா, அம்மா, அண்ணன், தம்பி. மேசையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிப் போகிறார்.

அறைதான் மருந்து என்று நம்புபவர்கள் இந்தக் காட்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு பேருக்கும் சமமாக அடி விழுந்தது. யாரும் திருந்தவில்லை.

இந்தப் படம் திறந்துவிட்ட கதவு வழியாகப் பிறகு பலர் வந்தார்கள். அடுத்த ஆண்டே சொகோ இஷியின் 'கிறுக்குக் குடும்பம்'. கடன் வாங்கிக் கட்டிய புதிய வீட்டில் கரையான் என்று தந்தைக்குச் சந்தேகம், தாத்தாவுக்காகத் தரையைத் தோண்டும் படலம், கடைசியில் குடும்பமே ஆயுதம் ஏந்திய போர். 2001இல் தகாஷி மீக்கே எடுத்த 'விசிட்டர் கியூ' அதையும் தாண்டியது. முன்பின் தெரியாத ஒருவன் கல்லால் அப்பாவின் தலையில் அடித்துவிட்டு வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைகிறான். அதன் பிறகு நடப்பவற்றை இந்த மேடையில் விவரிக்க முடியாது, வீட்டு வரவேற்பறையில் போட்டுப் பார்க்கவும் முடியாது. அதிர்ச்சி கொடுப்பதில் மீக்கே மொரிட்டாவை வென்றுவிட்டார். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் 'இது எங்கள் வீடு இல்லை' என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மொரிட்டா அந்த நிம்மதியைத் தருவதில்லை. 2008இல் கியோஷி குரோசாவாவின் 'டோக்கியோ சொனாட்டா' வந்தபோது மேசை மீண்டும் நடுவுக்கு வந்தது. வேலை போனதை மறைத்துத் தினமும் கோட்டுப் போட்டுக் கிளம்பும் அப்பா, சாப்பாட்டுக் காசில் திருட்டுத்தனமாகப் பியானோ கற்கும் மகன். கான் விழாவின் 'அன் செர்டன் ரெகார்ட்' பிரிவில் நடுவர் பரிசு பெற்ற படம் அது. அங்கேயும் எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள், ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியாமல்.

'குடும்ப விளையாட்டு' வெளியாகி ஆறு வாரங்களில், 1983 ஜூலையில், நின்டெண்டோ நிறுவனம் தன் புதிய விளையாட்டுச் சாதனத்தை ஜப்பானியக் கடைகளில் இறக்கியது. பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', குடும்பக் கணினி. தொலைக்காட்சிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், ஒரே திசையைப் பார்த்தபடி. மொரிட்டாவுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் 2011 டிசம்பரில், 61 வயதில் காலமானார். அதற்குள் அந்தத் திரைகள் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தன.

ஆசிரியர் போன பிறகு வரும் காட்சி ஒன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நான்கு பேரும் தரையில் மண்டியிட்டு உடைந்த தட்டுகளைப் பொறுக்குகிறார்கள். சிந்திய உணவைத் துடைக்கிறார்கள். மேசை கவிழ்ந்து கிடப்பதால் வரிசை கலைந்துவிட்டது. அப்பாவின் கை அம்மாவின் கைக்கருகில் வருகிறது, அண்ணன் தம்பி பக்கம் திரும்புகிறான். படம் முழுவதிலும் அந்தக் குடும்பம் ஒன்றாக ஒரு வேலை செய்வது அப்போதுதான். ஒருவருக்கொருவர் எதிரே வருவதும் அப்போதுதான். யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். சிக்காக்கோ தோல் வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஹெலிகாப்டர் சத்தம். என்ன விஷயமாக அது வட்டமிடுகிறது என்று படம் சொல்லவில்லை. பிள்ளைகளின் அறைக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். இருவரும் பகலிலேயே அயர்ந்து தூங்குகிறார்கள். திரும்பி வந்து மேசையில் உட்காருகிறார். கண் சொக்குகிறது. மேசையின் மேல் தலையைச் சாய்க்கிறார். ஹெலிகாப்டர் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.